புளி பட்ட தட்டு: கல், கை, கையொப்பம்

1

போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து முத்தாண்டிக்குப்பம் வந்த என் சித்தி மகன் ஒரு தட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் ஒரு பெரிய ஓட்டலின் சமையற்கட்டில் வேலை பார்ப்பவன். தட்டு வெள்ளைச் சலவைக்கல். சாம்பல் நிறத்தில் நரம்பு ஓடியது. எங்கள் வீட்டுக் குழவிக்கல்லின் கனம் இருக்கும். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. நடுவில் இருக்க வேண்டிய குழி ஓரமாக ஒதுங்கி, உள்ளங்கையளவுக்குச் சுருங்கியிருந்தது. மிச்சமெல்லாம் வெற்றிடம். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டதால் ஓட்டலில் கழித்துவிட்டார்களாம்.

"எங்க செஃப்பே படம் வரைஞ்சு குடுத்துச் செய்யச் சொன்னது அண்ணே. ஒரே ஒரு எறா, பக்கத்துல நாலு சொட்டு சாஸ். அவ்ளோதான் இதுல வெப்பாங்க" என்றான். தட்டின் அடிப்பக்கத்தில் அந்தத் தலைமைச் சமையற்கலைஞரின் கையெழுத்து செதுக்கப்பட்டிருந்தது.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோறு எங்கடா போடுறது?" என்று கேட்டார். பிறகு கொண்டுவந்தவனுக்கே அதில் சோற்றைப் போட்டு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். அவனும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். கழுவும்போது பார்த்தால் குழி முழுக்க மஞ்சள் கறை. அம்மா விடுவாரா? குத்துவிளக்கைத் துலக்குவது போல ஒரு உருண்டை புளியை எடுத்து அழுத்தித் தேய்த்தார். கறை போகவில்லை, பளபளப்பு போய்விட்டது. குழியிலும் குழியைச் சுற்றியும் கல் செத்து, சாக்பீஸ் மாதிரி வெளிறிப் போயிற்று.

"நான் கெடுத்துட்டேனா தம்பி?" என்று அவனிடம் கேட்டார். அவன், "அட போ பெரியம்மா, ஒடஞ்ச தட்டுதானே" என்று சொல்லிவிட்டான். ஆனால் அன்று முழுக்க அம்மா அந்தத் தட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்தபடியே இருந்தார். ஒரு தட்டின் முன்னால் ஒரு மனுஷி குற்றவாளியாக நிற்கும்படி ஆனது எப்படி? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

தட்டைப் பற்றியெல்லாம் விமர்சனமா என்று நண்பர்கள் கேட்கலாம். கவிதையையும் நாவலையும் பிரதியாக வாசிக்கக் கற்றுக்கொண்ட நாம், தினம் மூன்று வேளை குனிந்து பார்க்கிற பிரதியை வாசித்ததில்லை. சமையல் பற்றித் தமிழில் நிறைய எழுதப்படுகிறது. கலம் பற்றி மிகக் கொஞ்சம். உணவு அர்த்தமாகிறது, கலம் வெறும் பின்னணியாகிவிடுகிறது. பின்னணி என்று ஒதுக்கப்படுகிற இடத்தில்தான் கருத்தியல் சத்தமில்லாமல் வேலை செய்யும் என்பதை நாம் வேறு எத்தனையோ விஷயங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். தட்டு விஷயத்தில் மட்டும் ஏன் தயக்கம்?

2

முதலில் கல்லைப் பார்ப்போம். பொருளின் இயல்பைப் பேசாமல் பண்பாட்டைப் பேசுவது நம் விமர்சனத்தின் பழைய வியாதி.

சலவைக்கல் என்பது சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அடிப்படையில் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், மோரில் லாக்டிக் அமிலம். நாம் பளபளப்பு என்று காண்பது மெருகேற்றப்பட்ட மேற்பரப்பு. அமிலம் அதைத்தான் முதலில் அரிக்கிறது. போதாக்குறைக்கு நுண்துளைகள் உள்ள கல்லாதலால் மஞ்சளையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆக, குழம்பு ஆகாது, ரசம் ஆகாது, மோர் ஆகாது, ஊறுகாய் ஆகவே ஆகாது. தமிழ்நாட்டில் ஒரு சாதாரண மத்தியானச் சாப்பாட்டில் இந்தத் தட்டைக் காயப்படுத்தாத பண்டம் வெறும் சோறும் அப்பளமும்தான். அப்பளத்தின் எண்ணெயைக் கணக்கில் எடுத்தால் அதுவும் இல்லை.

இதற்கு எதிரே இன்னொரு கல்லை வைத்துப் பார்க்கலாம். சேலம் பக்கத்தில் மாக்கல்லைக் குடைந்து கல்சட்டி செய்கிறார்கள். மாக்கல்லின் முக்கியக் கூறு டால்க் என்ற தாது, மெக்னீசியம் சிலிகேட். பள்ளிக்கூடத்தில் நாம் எழுதியதைவிட அதிகமாகத் தின்றோமே பல்பம், அதற்குப் பயன்படுகிற கல். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் டால்க் 1. சலவைக்கல்லின் கால்சைட் 3. நகத்தால் கீறினாலே கோடு விழும் மாக்கல்லைப் புளி ஒன்றும் செய்வதில்லை. அதைவிடக் கடினமான சலவைக்கல் புளியின் முன்னால் தோற்றுப்போகிறது. கடினம் வேறு, தாக்குப்பிடித்தல் வேறு. வற்றல் குழம்பைக் கல்சட்டியில் வைத்தார்கள் என்றால் அது வெறும் ஆசாரமல்ல. அமிலத்தைத் தாங்கும், சூட்டைப் பிடித்துவைக்கும், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் என்ற பொருளறிவு.

புதுக் கல்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசி, வடித்த கஞ்சியை ஊற்றி வைத்து, பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டுவார்கள். சாம்பல் நிறக் கல் மெல்ல மெல்லக் கறுக்கும். இதற்குத் தமிழில் உள்ள சொல் 'பழக்குதல்'. மாட்டைப் பழக்குவது போல, பிள்ளையைப் பழக்குவது போல, கல்லைப் பழக்குகிறார்கள். கறை என்று சலவைக்கல்லில் நாம் அஞ்சுவதுதான் கல்சட்டியில் பக்குவம்.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கல்சட்டியை நாம் பழக்குகிறோம். சலவைக்கல் தட்டு நம்மைப் பழக்குகிறது. சோற்றைக் குவிக்காதே, பிசையாதே, புளியை விலக்கு, கையை எடு, கரண்டியை மெதுவாக வை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாயைத் திறக்காத பொருள் இவ்வளவு உத்தரவு போட முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சலவைக்கல் சமையலுக்குப் புதிதல்ல. ஐரோப்பிய சமையற்கட்டுகளில் மாவுப் பண்டம் செய்கிறவர்களும் மிட்டாய், சாக்லேட் செய்கிறவர்களும் சலவைக்கல் பலகையின் மேல்தான் வேலை செய்தார்கள். தொட்டால் குளிரும் கல். வெண்ணெய் சேர்த்த மாவு இளகிவிடாது, பாகு சீக்கிரம் இறுகும். உழைப்பின் கருவி அது. சமையற்காரரின் கைக்குக் கீழே இருந்த கல் இப்போது சாப்பிடுகிறவரின் கண்ணுக்குக் கீழே வந்திருக்கிறது. கருவி காட்சிப்பொருளாக மாறுகிற இந்த இடப்பெயர்ச்சியில்தான் கையொப்பம் நுழைகிறது.

3

ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் நாம் அந்தச் சாவுக்குப் பறையடித்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆசிரியன் சாகவில்லை, சமையற்கட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான் என்று இந்தத் தட்டைப் பார்த்ததும் தோன்றியது. இலக்கியத்தில் நாம் வெளியேற்றிய மேதை, மூலப்படைப்பாளி, தனித்தன்மை என்ற தெய்வங்கள் எல்லாம் இன்று உணவு மேசையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இதே பார்த் 1957இல் வெளியான தம் 'தொன்மவியல்கள்' நூலில் அலங்காரச் சமையல் பற்றி ஒரு குறுங்கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு பிரெஞ்சுப் பெண்கள் பத்திரிகையின் வண்ணப் படங்களில் உணவு எப்படி மெழுகிய மேற்பரப்பாக, கண்ணால் மட்டும் தின்னத்தக்கதாக மாறுகிறது என்று காட்டியிருப்பார். அன்று மெழுகியது உணவை. இன்று மெழுகு தட்டுக்கு இறங்கியிருக்கிறது.

சமையற்கலைஞர் தாமே கலம் வடிப்பதற்கு உலகில் பெரிய முன்னோடி ஜப்பானின் கிட்டாவோஜி ரோசன்ஜின் (1883 - 1959). 1921இல் டோக்கியோவில் தம் பழம்பொருள் கடையின் மாடியில் உணவுக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். கடையில் விற்பனைக்கு வைத்திருந்த பழைய பீங்கான் தட்டுகளிலேயே பரிமாறினார். 1925இல் பெரிய உணவகம் வந்தபோது அத்தனை பேருக்கும் பழங்கலம் போதவில்லை. தாமே சூளை அமைத்து மட்கலம் வனையத் தொடங்கினார். உணவுக்குக் கலம்தான் உடை என்பது அவர் கட்சி. 1955இல் ஜப்பானிய அரசு தர முன்வந்த 'வாழும் தேசியச் செல்வம்' என்ற தகுதியை மறுத்துவிட்டார். மனிதர் திமிர்பிடித்தவர்தான், ஆனால் அவருடைய கலங்கள் அவர் சமைத்த சோற்றுக்கும் மீனுக்கும் கையில் ஏந்தும் சூட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜப்பானியர் கிண்ணத்தைக் கையில் எடுத்து உண்பவர்கள். கலத்தின் கனத்தை உண்பவரின் கை தீர்மானித்தது.

பிறகு ஸ்பெயினில் ஃபெர்ரான் அட்ரியாவின் எல்புல்லி. 2011இல் மூடப்படும்வரை உலகச் சமையலின் திசையைப் பெரிய அளவில் மாற்றிய உணவகம் அது. அங்கே லூக்கி ஹ்யூபர் என்ற சுவிஸ் வடிவமைப்பாளர் சேர்ந்து வேலை செய்தார். ஒவ்வொரு பண்டத்துக்கும் அதற்கே உரிய கருவி, கலம் என்று யோசித்தார்கள். இங்கே வடிவமைப்பாளருக்காவது ஒரு பெயர் மிஞ்சியது. நம் நாட்டிலும் சமையற்கலைஞரின் பெயர் பாத்திரத்தில் ஏறிப் பல வருஷங்கள் ஆயிற்று. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற சஞ்சீவ் கபூர் 2009இல் வொண்டர்செஃப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெயர் தட்டுக்கு வந்ததும் தட்டு 'அவருடைய' படைப்பாகிவிடுகிறது.

என் தம்பி கொண்டுவந்த தட்டை அந்தச் சமையற்கலைஞர் வரைந்தார். சரி. வெட்டியது யார்? கல் ராஜஸ்தானிலிருந்து வந்தது என்று மட்டும் தம்பிக்குத் தெரியும். அந்த மாநிலத்தின் கிஷன்கர் ஊரில் சலவைக்கல் அறுத்த சேற்றைக் கொட்டிக் கொட்டி வெள்ளை மணல்வெளி மாதிரி ஒரு நிலமே உண்டாகிவிட்டது. பனிமலை போல இருக்கிறது என்று கல்யாண ஜோடிகள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நெய்வேலிக்காரனுக்கு இது புரிய நேரமாகாது. பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டி ஒதுக்கிய மேல்மண் இங்கே குன்றுகளாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. 1956இல் நிறுவனம் தொடங்கிய காலத் திட்டத்தில் சுரங்கம், அனல்மின் நிலையம், உர ஆலை இவற்றோடு களிமண் கழுவும் ஆலையும் சேர்ந்திருந்தது. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பொம்மையும் அகல்விளக்கும் செய்கிறார்கள். வெள்ளையான ஒரு பொருள் மேசைக்கு வரும் முன்னால் எங்கோ ஒரு நிலம் புரட்டப்பட்டிருக்கும். யாரோ தூசியில் நின்றிருப்பார்கள். சலவைக்கல் என்ற சொல்லையே பாருங்கள். அதில் சலவை இருக்கிறது, சலவை செய்தவர் இல்லை.

கையொப்பம் என்று வரும்போது நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. பாத்திரக்கடை வாசலில் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு டிர்ரென்று பெயர் வெட்டுவார்களே, அது. மாமா பெயர், அத்தை பெயர், கல்யாணத் தேதி, காதுகுத்துத் தேதி. தட்டைச் செய்தவர் பெயரும் கிடையாது, அதில் பரிமாறப்போகிறவர் பெயரும் கிடையாது. கொடுத்தவர் பெயர். ஒவ்வொரு தட்டும் ஒரு கடன் பத்திரம். எந்த வீட்டு விசேஷத்துக்கு எதைத் திருப்பிச் செய்யவேண்டும் என்பதன் கணக்கு. இதைப் பெரிய சமத்துவம் என்று நான் சொல்லவில்லை. உறவு, சாதி, கெளரவம் எல்லாம் அந்த எழுத்தில் உண்டு. ஆனால் அது உறவின் கையொப்பம். சலவைக்கல்லின் அடியில் இருப்பது படைப்பாளியின் கையொப்பம். முதலாவது 'நீ எனக்குச் செய்யவேண்டும்' என்கிறது. இரண்டாவது 'என்னை நீ பார்க்கவேண்டும்' என்கிறது.

4

இப்போது உண்பவரிடம் வருவோம். பியர் பூர்தியூ 1979இல் 'வேறுபடுத்தல்' நூலில் பிரெஞ்சு வர்க்கங்களின் ருசியை ஆராய்ந்து, தேவையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க முடிகிறது என்பதே உயர்ருசியின் அளவு என்று காட்டினார். பெரிய தட்டில் சின்ன இறால் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. ஆனால் வர்க்கத்தோடு நிறுத்தினால் நமக்குப் போதாது. நம் ஊரில் கலம் எப்போதும் சாதியைத் தாங்கித்தான் வந்திருக்கிறது.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பொருள்களின் தீட்டைப் போக்கும் முறைகளை வரிசைப்படுத்துகிறது. உலோகமும் மணியும் கல்லும் சாம்பல், மண், நீர் கொண்டு தூய்மையாகிவிடும். மட்பாண்டம் மறுபடி சூளை காணவேண்டும். சில தீட்டுகளுக்கு அதுவும் உதவாது. அதாவது உடைமையாக மதிப்புள்ள பொருள் தீட்டிலிருந்து மீளும், ஏழையின் பொருள் மீளாது. பொருளின் துளைகளைப் பற்றிய பேச்சு மாதிரி இருக்கிறது. உண்மையில் மனிதர்களைப் பற்றிய பேச்சு. வேடிக்கை என்னவென்றால், கழுவினால் சுத்தமாகிவிடும் என்று சாஸ்திரம் சான்று கொடுத்த கல் வகையில் அடங்குகிற சலவைக்கல்தான் எங்கள் வீட்டில் மஞ்சளை உறிஞ்சிக்கொண்டு விடமாட்டேன் என்றது.

அம்மா சின்ன வயதில் முந்திரி உடைக்கப் போனவர். முந்திரிக்கொட்டையின் தோலில் உள்ள எண்ணெய் கையைப் பொத்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரியும். வேலை நடந்த வீட்டில் கூலிக்காரப் பெண்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனியாகக் கொட்டாங்கச்சி வைத்திருந்தார்களாம், கொல்லை வேலியில் செருகி. குடித்துவிட்டு அவரவரே கழுவி, எடுத்த இடத்தில் செருகிவிட வேண்டும். டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்று நாம் அறிந்த முறையின் வீட்டு வடிவம் இது. அம்மா இதைக் கோபமாகச் சொன்னதில்லை. "அது வேற காலம்டா" என்பார். ஆனால் கலத்துக்குத் தன்னால் கேடு வந்துவிடும் என்ற பயத்தை அந்தக் கொட்டாங்கச்சி அவர் விரலுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. "நான் கெடுத்துட்டேனா" என்ற கேள்வி ஒரு பொங்கல் நாளில் பிறந்ததல்ல.

தமிழ் இலக்கியத்தில் கலத்துக்கும் கல்லுக்கும் நடந்த மிகக் கொடிய சந்திப்பு மணிமேகலையில் இருக்கிறது. அமுதசுரபியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஆபுத்திரன் கையில் இருந்த பிச்சைக் கலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை விடுவித்ததற்காகவும், பிறப்பைச் சொல்லி இழித்ததற்கு எதிராகப் பேசியதற்காகவும் ஊரைவிட்டு விரட்டப்பட்டவன் அவன். பசுவைக் கவர்ந்த கள்வன் என்று சொல்லி அந்தணர் வாழும் ஊர்தோறும் அவன் கடிஞையில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லைப் போட்டார்கள். பிறகு மதுரைக்கு வந்து, பிச்சை எடுத்ததைக் குருடருக்கும் செவிடருக்கும் முடவருக்கும் கொடுத்து மிச்சத்தை உண்டு வாழ்ந்தான். அங்கேதான் சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத பாத்திரத்தைத் தருகிறாள். அந்தப் பாத்திரத்தை யார் செய்தார், அதன் வடிவம் என்ன அழகு என்பதெல்லாம் காப்பியத்துக்கு முக்கியமாகப் படவில்லை. அதன் ஒரே இலக்கணம் அது உண்பவரைத் தேர்ந்தெடுக்காது என்பது.

எனக்கு அளவுகோல் இதுதான். ஒரு தட்டு உண்பவரைத் தேர்ந்தெடுக்கிறதா, இல்லையா?

பாங்காக்கில் உணவகம் நடத்திப் புகழ்பெற்ற கொல்கத்தாக்காரர் ககன் ஆனந்த், கரண்டியில்லாமல் தட்டை நாக்கால் நக்கியே சாப்பிடவேண்டிய ஒரு பண்டத்தைப் பரிமாறினார். விருந்தினர்கள் சிரித்துக்கொண்டே நக்கினார்கள். நாகரிகத்தைக் கலைத்துப்போடும் விளையாட்டு என்ற அளவில் எனக்கு அது பிடிக்கவே செய்கிறது. ஆனால் எச்சில் என்பதைத் தண்டனையாக அனுபவித்தவர்கள் இருக்கும் ஊரில், எச்சிலை விளையாட்டாக வாங்க முடிவது யாரால்? பணம் கொடுத்து நக்குகிறவருக்கு அது விடுதலை. வேலியில் செருகிய கொட்டாங்கச்சியில் குடித்தவருக்கு? ஒரே செயல், இரண்டு உடல், இரண்டு அர்த்தம். சூழலை அறுத்துவிட்டு வடிவத்தை மட்டும் கொண்டாடுகிற அழகியல் இந்த இரண்டாவது உடலைப் பார்ப்பதில்லை.

5

'அப்படியானால் சமைக்கிறவர் கலத்தைப் பற்றி யோசிக்கவே கூடாதா? அழகு கூடாதா?' இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்வி.

கூடாது என்று நான் சொல்லவில்லை. சமைக்கிறவரைவிடக் கலத்தை அறிந்தவர் கிடையாது. மீன்குழம்புக்கு மண்சட்டி, ரசத்துக்கு ஈயச்சொம்பு, பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும் என்பதால் உள்ளே ஈயம் பூசவேண்டும் என்பதெல்லாம் யார் கண்டது? அடுப்படியில் நின்றவர்கள் கண்டது. தெருவில் ஈயம் பூசுகிறவர் குரல் கேட்டதும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள் எல்லோரும் ஒருவகையில் வடிவமைப்பாளர்கள். ரோசன்ஜினிடம் நான் மதிப்பதும் இந்த அறிவைத்தான். ஆகவே சமையற்கலைஞர் தட்டு வரைகிறார் என்பது எனக்குப் பிரச்சினையில்லை. பலருக்கும் பொதுவாக இருந்த ஓர் அறிவு ஒருவருடைய பெயரில் பட்டா போடப்படுவதும், பட்டா போட்ட கையோடு அந்தப் பலரும் தட்டுக்கு வெளியே நிறுத்தப்படுவதும்தான் பிரச்சினை.

கல்சட்டியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. சமீப வருஷங்களில் கல்சட்டி 'பாரம்பரியம்' என்ற சீட்டு ஒட்டப்பட்டு மறுபடி கடைக்கு வந்திருக்கிறது. பழக்கிய சட்டியே விலைக்குக் கிடைக்கிறது. பழக்கும் உழைப்பையும் யாரோ கூலிக்குச் செய்துவிடுகிறார்கள். தூசிக்குள் உட்கார்ந்து குடைந்தவர் பெயர் அதிலும் இல்லை. மேற்கத்திய மோகம் ஒழிக, நம் மரபு வாழ்க என்று கத்துகிறவர்கள், அந்த மரபின் சமையற்கட்டுக்குள் யார் நுழைய முடிந்தது என்ற கேள்வியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். சலவைக்கல் வெள்ளைக்கு மாக்கல் கறுப்பு பதிலாகிவிடாது.

புறநானூற்றில் கலம் செய்கிறவனை நேரடியாக விளித்துப் பேசும் பாடல்கள் உண்டு. 228, 256 இரண்டும் அப்படிப்பட்டவை. இரண்டிலும் அவனிடம் கேட்கப்படுவது உண்கலம் அல்ல, பிணத்தை வைக்கும் தாழி. சாவு வரும்போதுதான் வேட்கோவனின் முகம் பார்த்துப் பேசுகிறது கவிதை. உயிரோடு இருக்கையில், சோறு தின்னும்போது, செய்தவர் முகத்தைப் பார்த்துப் பேசும் ஒரு விமர்சனம் நமக்கு வேண்டும். கல் எங்கிருந்து வந்தது, யார் அறுத்தது, என்ன உணவை இது ஏற்கும், எதைத் தள்ளும், யாருடைய கையை நினைத்து இது வடிக்கப்பட்டது? இந்தக் கேள்விகளை ஒரு கவிதைத் தொகுப்பிடம் கேட்பது போலவே ஒரு தட்டிடமும் கேட்கலாம். கேட்டுப் பழகினால், அழகில்லாத தட்டுதான் அரசியல் சரியான தட்டு என்ற மொண்ணை முடிவுக்கும் போகமாட்டோம். புளியைத் தாங்கி, பிசைகிற கைக்கு இடம் விட்டு, அழகாகவும் இருக்கும் ஒரு தட்டை யாராவது வரைந்தால், கையொப்பத்தோடேயே அதை நான் வரவேற்பேன். வெட்டியவர் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

அம்மா கேட்டதற்கு என் பதில் இது: தட்டை நீ கெடுக்கவில்லை. உன் குழம்பைத் தாங்க முடியாத ஒன்றைத் தட்டு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அவரிடம் இப்படி நீட்டி முழக்கிச் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பும் வரவில்லை. மாசி மாதம் ஒருநாள் வீட்டுக்குள் வெல்லப் பாகு வாசனை. அம்மா அந்தத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, வழவழவென்றிருந்த அடிப்பக்கத்தில் நெய் தடவி, முந்திரிப்பருப்பு கலந்த பாகை ஊற்றிக் கரண்டியால் பரப்பிக்கொண்டிருந்தார். "இந்தக் கல்லு நல்லா குளுந்து கெடக்குடா. எவர்சில்வர் தட்டுல ஊத்துனா எறுகவே நேரமாவுது. இதுல பாரு, சட்டுனு எறுகிடுது" என்றார். ஐரோப்பிய மிட்டாய்க்காரர்கள் கண்டதை அவர் தாமாகவே கண்டுபிடித்திருந்தார். அருவாமணையில் வெட்டி எடுத்த முந்திரிக் கட்டிகளில் ஒன்றிரண்டின் அடியில் அந்தக் கையெழுத்தின் கோடுகள் பதிந்திருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதையும் சேர்த்துத் தின்றார்கள்.